அடுத்த வீட்டு ஓவியர்

கம்பம் பள்ளத்தாக்கில் நாம் பணியாற்றிய பங்கொன்றில், பங்கு இல்லத்திற்கு அடுத்த வீட்டில் முதிய ஓவியர் ஒருவர் வாழ்ந்தார். எழுபதைக் கடந்தவர், முருக பக்தர். நாடகக் கொட்டகைகளுக்குத் திரைச்சீலை எழுதிப் பழகிய கை. மாலை வேளைகளில் அவர் வீட்டுத் திண்ணையே நமக்கு இளைப்பாறும் இடம். வண்ணப்பொடியை வச்சிரப் பசையில் குழைத்தவாறே, கோவில்பட்டியில் வாழ்ந்து 1976ஆம் ஆண்டு மறைந்த கொண்டையராஜுவைப் பற்றிப் பேசுவார். தம்மைப் போல் நாடகத் திரை எழுதியவர், சிவகாசி நாட்காட்டிகள் வழியே வீடுதோறும் புகுந்தாரே என்பதில் அவருக்கு அத்தனை பெருமை.

நமது திருவிழாப் பலகையை ஆண்டுதோறும் அவரே எழுதுவார். கூலி பெற மறுப்பார். ஓராண்டு, அவர் கை நடுங்கத் தொடங்கியதைக் கண்டு, அவரிடம் ஒரு வார்த்தையும் கேளாமல், தேனிக்கு ஆள் அனுப்பி ஃப்ளெக்ஸ் அச்சிட்டுக் கட்டினோம். கொடியேற்றத்தன்று வந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

"எழுத்து நேரா இருக்கு, சாமி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பலகைக்கெனக் கழுவி உலர்த்திய தூரிகைகள் அவர் திண்ணையில் கிடந்ததைப் பின்னரே கண்டோம்.

மன்னிப்புக் கேட்க நினைத்து நாள்களைக் கடத்தினோம். அடுத்த திருவிழாவிற்கு முன் இறைவன் அவரை அழைத்துக்கொண்டார்.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் முதியோர் இருப்பர். அவர்தம் கையிலிருந்து வேலையை வாங்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நடுங்கிய கோட்டினால் நம் திருவிழாவிற்கு யாதொரு குறையும் நேர்ந்திராது.