அக்காவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?



நம் நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் அக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு எந்த ஊர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நெமிலிச்சேரி. எனக்கும் அதே ஊர்தான். காலையில் ஒரே பிளாட்பாரத்தில் மின்சார ரயிலுக்குக் காத்து நிற்போம். பட்டாபிராம், இந்துக் கல்லூரி, ஆவடி என்று ஸ்டேஷன்கள் கடக்கும் நேரத்தில் அவர் சொன்ன கதைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

போன வருடம் அக்காவுக்கு ஒரு வாய்மொழி உத்தரவு வந்தது. "லைப்ரரிக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சிடுங்க." அவ்வளவுதான்! எப்படி என்று சொல்லித் தர ஆளில்லை. தன் மகனிடம் கேட்டுக் கேட்டு, ரெஜிஸ்டரில் இருந்த நம்பர்களை இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஏற்றினார். மறுநாளிலிருந்து புதுப் புத்தகங்களின் அட்டைப்படம், பழைய வினாத்தாள், நூலக நேரம் எல்லாம் நம் கைக்கே வந்தன. நாமும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி மகிழ்ந்தோம்.

ஒரே மாதம்தான். முதலாண்டு மாணவி ஒருத்திக்கு ராத்திரி நேரத்தில் முகம் தெரியாத மெசேஜ்கள் வர ஆரம்பித்தன. நம்பர் எங்கிருந்து போனது? நம் குரூப்பிலிருந்துதான். குரூப்பில் உள்ள ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும் என்பது அக்காவுக்குத் தெரியாது. அந்தப் பெண் குரூப்பை விட்டு விலகினாள். கொஞ்ச நாளில் நூலகத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். அக்காவுக்குத் திட்டு விழுந்தது. குரூப் கலைக்கப்பட்டது. மெசேஜ் அனுப்பியவன் யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அவன் நம்மில் ஒருவன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது!

யார் மேல் குற்றம்?

ஒர்க்‌ஷாப்பை நினைத்துப் பாருங்கள். லேத் முன்னால் நிற்க வைப்பதற்கு முன் நமக்கு என்ன சொன்னார்கள்? ஷூ போடு, சட்டைக் கையை மடித்துவிடு, சக் சாவியை எடுக்காமல் ஸ்விட்சைப் போடாதே. பாதுகாப்பு முதலில், மெஷின் பிறகு. "போய் ஓட்டு" என்று எந்த இன்ஸ்ட்ரக்டராவது நம்மை அனுப்பியதுண்டா? ஆனால் நூறு பேருடைய நம்பரைக் கையாளும் வேலையை ஒருவரிடம் கொடுத்தபோது "போய் ஓட்டு" என்றுதான் அனுப்பினோம். கை வெட்டுப்பட்டதும் ஓட்டியவரையே திட்டினோம். இது நியாயமா?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2006-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சார்லட்–மெக்லன்பர்க் பொது நூலகத்தில் ஹெலீன் ப்ளோவர்ஸ் என்ற அம்மையார் ஒரு காரியம் செய்தார். நூலக ஊழியர்கள் புதிய இணையக் கருவிகளைத் தாங்களே தொட்டுப் பார்த்துப் பழக 23 சின்னச் சின்னப் பயிற்சிகளை வகுத்தார். புகைப்படம் பகிர்வது, பலர் கூடி ஒரு பக்கத்தை எழுதுவது என்று ஒவ்வொன்றாக, ஒன்பது வாரம். விளையாட்டுப் போலக் கற்கலாம், தப்புச் செய்தாலும் பரவாயில்லை. முடித்தவர்களுக்குப் பாட்டுக் கேட்கும் எம்.பி.3 கருவி பரிசு! பிறகு பல நாட்டு நூலகங்கள் இதைப் பின்பற்றின. அன்று சொல்லித் தந்த கருவிகளில் சில இன்று மறைந்தே போய்விட்டன. ஆனால் புதிதாக எது வந்தாலும் பயமில்லாமல் தொட்டுப் பார்க்கும் துணிவு மறையுமா?

அமெரிக்கா இருக்கட்டும், நம் மண்ணைப் பார்ப்போம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணிதம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவிக்கு வந்த பிறகுதான் லண்டன் போய் நூலகக் கலையைப் படித்தார். அதாவது அவரும் வேலைக்கு வந்த பின் கற்றுக் கொண்டவர்தான்! 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளரும் உயிர் என்கிறது. நூலகம் வளர வேண்டுமென்றால் அங்கே வேலை செய்பவர்களும் வளர வேண்டாமா?

"இந்த வயசுல அக்காவுக்கு எதுக்குப்பா இதெல்லாம்? நாமே கூகுள்ல தேடிக்கலாமே" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தேடினால் ஆயிரம் கிடைக்கும். எந்த யூனிட்டுக்கு எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, தமிழ் மீடியத்திலிருந்து வந்த பையனுக்கு முதலில் எதைக் கொடுத்தால் புரியும் என்பது அக்காவுக்குத்தான் தெரியும். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் நமக்கு ஆகக்கூடிய ஒன்றை வாரம் ஒரு முறை அவர் எடுத்து அனுப்பினால் எவ்வளவு பிரயோஜனம்! அவரிடம் அறிவு இருக்கிறது, நம்மிடம் விரல் வேகம் இருக்கிறது. இரண்டும் சேர வேண்டாமா?

எனவே நம் மாணவர் பேரவைக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று: வாரம் ஒரு மணி நேரம், வேலை நேரத்திலேயே, அக்கா கற்றுக்கொள்ள அனுமதி கேட்டு வாங்குவோம். நம்மில் இருவர் முறை வைத்து உடன் உட்காருவோம்.

இரண்டு: குரூப் வேண்டாம். 2023 முதல் நம் நாட்டில் வாட்ஸ்அப் சேனல் வசதி இருக்கிறது. அதில் சேர்ந்தவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது. விருப்பப்பட்டவர்கள் தாங்களே சேரட்டும். யாரையும் கேட்காமல் சேர்க்க வேண்டாம்.

மூன்று: கற்றுக்கொள்ளும்போது நடக்கும் முதல் தவறுக்குத் தண்டனை கூடாது. வேண்டுமென்றே பிறர் எண்ணை எடுத்துத் தொல்லை கொடுப்பவனுக்கு மட்டும் தண்டனை கட்டாயம் வேண்டும்.

போன வாரம் ரயிலில் அக்காவின் போனில் சேனலைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். முதலில் கேட்டது இதைத்தான்: "தம்பி, இதுல யார் நம்பரும் யாருக்கும் தெரியாதுல்ல?" குரூப் ஆரம்பித்த நாளில் நம்மில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி! பாடத்தை முழுசாகக் கற்றுக்கொண்டவர் அவர்தான்.

பிறகு மெதுவாக, "அந்தப் பொண்ணு திரும்ப லைப்ரரிக்கு வருமாப்பா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தத் தங்கை பயமில்லாமல் திரும்பி வரும்படி நம் நூலகத்தை மாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது.

சிந்திப்போம், செயல்படுவோம்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்