கால்வாயைக் கைவிடலாமா?

சீமைக் கால்வாய்களில் குதிரைகள் படகிழுத்தன. நம் பக்கிங்ஹாம் கால்வாயிலோ மனிதரே கரையில் நடந்து கயிறு பிடித்து இழுத்தனர். மாமல்லபுரத்துக்கு அவ்விதம் சென்ற பிரயாணத்தைப் பாரதிதாசனார் பாடியிருக்கிறார். மனிதனை மாடாக்கிய அத்தொழில் ஒழிந்ததற்கு நாம் வருந்தவில்லை. ஆனால் கால்வாயுமா ஒழியவேண்டும்? கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877-78 பஞ்சத்தில் பசித்த ஜனங்கள் கூலிக்கு வெட்டியது. விறகும் உப்பும் அவ்வழியே சென்னை வந்தன. ரயிலும் லாரியும் சரக்கைக் கவர்ந்தன. 1965, 1966 புயல்கள் கரையைச் சிதைத்தன. பிறகு சென்னையில் சர்க்காரே நீரோட்டத்தின் நடுவே பறக்கும் ரயிலுக்குத் தூண்களை நாட்டிற்று! அதே சர்க்கார் 2008-ல் இதைத் தேசிய நீர்வழியில் சேர்த்ததாம். 2004 சுனாமியில் கடல்நீரைத் தாங்கி உட்புறக் கிராமங்களைக் காத்ததும் இக்கால்வாயே. செங்கற்பட்டுக் கடற்கரைப் பகுதியிலேனும் ஆக்கிரமிப்பை நீக்கித் தூர்வாரும் வேலையை உடனே தொடங்கவேண்டுமென வற்புறுத்துகிறோம்.