யாருக்கு எவ்வளவு காலி?

டிஸ்கில் எவ்வளவு இடம் காலி என்று சொல்லும் 'டிஎஃப்' கட்டளை 1971-இல் யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே வந்துவிட்டது. மிச்சமிருக்கும் பிளாக்குகளை எண்ணிச் சொன்னால் அன்று போதும். கேட்பவர் யார் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

அதற்கு முன்பே மல்டிக்ஸ் வேறு மாதிரி யோசித்திருந்தது. 1960களில் எம்ஐடியில் தொடங்கிய அந்த அமைப்பில் கோட்டா, அதாவது இட வரம்பு, டைரக்டரிக்கு உரியது. மேல் டைரக்டரிக்குக் கிடைத்ததில் ஒரு பங்கைக் கீழே உள்ளதற்கு மாற்றித் தரலாம். மல்டிக்ஸிடமிருந்து எத்தனையோ கற்ற யூனிக்ஸ் இதைக் கைவிட்டது. அதற்கான விலையை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

1983-இல் பெர்க்லியின் யூனிக்ஸ் வெளியீடான 4.2பிஎஸ்டி இரண்டு புதுமைகளைச் சேர்த்தே கொண்டுவந்தது. ஒன்று, வேகமான ஃபைல் சிஸ்டம். டிஸ்க் நிரம்ப நிரம்ப ஒரே ஃபைலின் பிளாக்குகளை அருகருகே வைக்க முடியாமல் வேகம் விழுகிறது. அதனால் 10 சதவீதத்தைச் சாதாரணப் பயனரின் கைக்கு எட்டாமல் ஒதுக்கிவைத்தார்கள். நிர்வாகியான ரூட் அதையும் நிரப்பிவிட்டால் டிஎஃப் 111 சதவீதம் என்று காட்டும். அங்கேதான் ஒரு கதவு திறந்தது: மொத்தக் காலியிடம் வேறு, உனக்குக் கிடைக்கும் காலியிடம் வேறு. இன்றைய 'ஸ்டாட்விஎஃப்எஸ்' அழைப்பிலும் அவை இரண்டு தனி எண்கள்.

மற்றொன்று, மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்ஸ் எழுதிய கோட்டா. அது ஆளுக்கு இவ்வளவு என்று வரம்பு கட்டியது. ஆனால் அந்த வரம்பு தனிக் கணக்கேட்டில் கிடந்தது. டிஎஃப் அதைப் புரட்டிப் பார்க்கவேயில்லை. கேட்பவரைப் பொறுத்துப் பதில் மாறலாம் என்று ஏற்றுக்கொண்ட அதே வெளியீட்டில் அவருடைய வரம்பைச் சேர்க்காமல் விட்டது எனக்கு இன்றும் ஆறவில்லை. டிஎஃப் தாராளமாக இடம் இருப்பதாகக் காட்டும். காப்பி பாதியில் நின்று 'டிஸ்க் கோட்டா எக்ஸீடட்' என்று வரும். எண்ணை நம்பி வேலையைத் தொடங்கியவர் என்ன செய்வார்?

டைரக்டரிக் கோட்டா வேறு பெயரில் திரும்பி வந்தது. எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தின் புராஜெக்ட் கோட்டா உள்ள டைரக்டரியில் டிஎஃப் அடித்தால், அந்த வரம்பையே மொத்த அளவாகச் சொல்கிறது. 2016-இல் லினக்ஸ் 4.5 வழியாக எக்ஸ்ட்4-க்கும் இந்த வசதி கிடைத்தது. 2005-இல் சன் வெளியிட்ட இசட்எஃப்எஸ்ஸில் பல டேட்டாசெட்டுகள் ஒரே பொதுக் கையிருப்பில் பங்கு போடுகின்றன. கோட்டா வைக்காதபோது பக்கத்து டேட்டாசெட் பெருத்தால் உங்களுடைய 'மொத்தம்' குறையும். பலரை இது குழப்புகிறது. ஆனாலும் பொய்யான தாராளத்தைவிட இந்தக் குழப்பமே மேல்.

ஆள்வாரிக் கோட்டாதான் இன்னும் தீராத குறை. விண்டோஸ் 2000 முதலே, கோட்டா இருந்தால் அழைப்பவருக்கு எவ்வளவு மிச்சம் என்பதைச் சிஸ்டமே கணக்கிட்டுச் சொல்கிறது. லினக்ஸில் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டிலுமே ஹோம் டைரக்டரியில் நின்று டிஎஃப் கேட்டால் முழு டிஸ்கின் கணக்குதான் வருகிறது. தன் வரம்பைத் தெரிந்துகொள்ள 'கோட்டா' என்ற தனிக் கட்டளையைப் பயனர் அறிந்திருக்க வேண்டும். இடம் போதுமா என்று முன்கூட்டியே பார்க்கும் நிரல்கள் பெரும்பாலும் ஸ்டாட்விஎஃப்எஸ்ஸோடு நின்றுவிடுகின்றன.