வெள்ளத்தின் மீது சுமத்தப்படும் பழி

முதலாம் உலகப்போரின் தோற்றத்தை எழுதுவோர் பலர், 1914 யூன் 28இல் சரயேவோவில் வெடித்த துப்பாக்கியோடு தொடங்குவர். தேசாபிமான வெள்ளத்தில் ஐரோப்பிய மக்கள் அனைவரும் அள்ளுண்டு போயினர் என்று முடிப்பர். அவ்வெள்ளத்தை எதிர்த்து நிற்கத் தொழிலாளர் கட்சிகளால் இயலவில்லை என்பதே இக்கூற்றின் உட்கிடை. இது வரலாற்று விளக்கமன்று. தவறிழைத்த தலைவர்களுக்கான வக்காலத்து.

உண்மை யாது? போரை எதிர்ப்போம் என இரண்டாம் அகிலம் 1907இல் ஸ்ருட்காட்டிலும் 1912இல் பேசலிலும் சூளுரைத்தது. 1914 யூலை இறுதியிற்கூடப் பேர்லின் வீதிகளில் பல்லாயிரம் தொழிலாளர் போருக்கெதிராகத் திரண்டனர். ஆகவே, வெள்ளம் ஒரே திசையில் ஓடவில்லை. யூலை 31இல், போரைத் தடுக்க ஓயாது உழைத்த பிரெஞ்சுச் சோஷலிசத் தலைவர் ழான் ஜோரே பாரிசில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஓகஸ்ட் 4இல், ஜேர்மன் பாராளுமன்றத்தின் மிகப்பெரிய கட்சியான சமூக ஜனநாயகக் கட்சி போர்க்கடனுக்கு ஆதரவாக வாக்களித்தது. முன்தினம் கட்சிக் கூட்டத்தில் எதிர்த்தோர் 14 பேர். எனினும், கட்டுப்பாட்டின் பெயரால், சபையில் எதிர்வாக்கு ஒன்றேனும் விழவில்லை.

சார் ஆட்சியிடமிருந்து நாட்டைக் காக்கவே வாக்களித்தோம் என்றனர். அதே நாளில் ஜேர்மன் படை புகுந்ததோ நடுநிலை நாடான பெல்ஜியத்தில்! பிரெஞ்சுச் சோஷலிசவாதிகளோ கைசரிடமிருந்து குடியரசைக் காப்பதாகக் கூறினர்; அவர்தம் நேச நாடு அதே சார் ஆட்சி! இருபுறமும் தற்காப்பே எனின், தாக்கியவர் எவர்? ஓகஸ்ட் 22இல், ஒரே நாளில், ஏறத்தாழ 27,000 பிரெஞ்சுப் படையினர் மாண்டனர். அம்மாதம் முடியுமுன்னரே மூத்த மார்க்சியவாதியான ஜூல் கெட் போர்க்கால அமைச்சரவையில் அமர்ந்தார்.

எதிர்த்தல் இயலாதெனின், தம் நாடே தாக்குண்ட வேளையிலும் சேர்பியாவின் இரு சோஷலிச உறுப்பினர் போர்க்கடனை எதிர்த்தது எங்ஙனம்? ரஷ்ய டூமாவின் சோஷலிசவாதிகள் வாக்களியாது வெளியேறியது எங்ஙனம்? ஓகஸ்டில் கட்சிக் கட்டுப்பாட்டுக்குப் பணிந்த கார்ல் லீப்னெக்ட், டிசெம்பர் 2இல் ஜேர்மன் சபையில் தனியொருவராக எதிர்த்து வாக்களித்தது எங்ஙனம்?

வாக்கு மறுத்திருப்பின் போர் நின்றிருக்குமா என வினவலாம். நின்றிராது, அரசுகளிடம் படைகள் இருந்தன. ஆயின், இது எமது போரன்று என்று சொல்ல ஓர் அமைப்பேனும் தொழிலாளருக்கு எஞ்சியிருக்கும். அதனைத் தலைவர்களே பறித்தனர். ஜேர்மன் தொழிற்சங்கங்கள் போர் தொடங்கியதுமே வேலைநிறுத்தங்களைக் கைவிட்டன. பதுங்குகுழியில் மடிந்தவர்கள் வாக்களித்தவர்களல்லர். வெள்ளத்தின் மீது பழிபோடுவோர், மதகைத் திறந்தவர்களின் பெயர்களை மறைக்கின்றனர். வரலாறு பயிலும் நாம் அப்பெயர்களை உரத்துச் சொல்வோம்.