வில்லி பெயரில் ஊர், வில்லாளி மீது வழக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயருக்குள்ளேயே ஒரு வேட்டைக்காரர் இருக்கிறார். தலபுராணம் சொல்லும் கதை இது: மல்லி என்ற தலைவியின் மகன்கள் வில்லி, கண்டன். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி கொன்றுவிடுகிறது. தேடி அலைந்து களைத்துத் தூங்கிய வில்லியின் கனவில் பெருமாள் வந்து, காட்டைத் திருத்திக் கோயிலும் ஊரும் கட்டச் சொல்கிறார். வில்லி கட்டுகிறார். ஊருக்கு அவர் பெயர் நிலைத்தது. வேடர் சனத்துக்கு அந்த ஊரில் என்ன நிலைத்தது?

வில்லாளிகள் பற்றிய நம் கதைகள் எல்லாவற்றிலும் ஒரே கணக்குதான். துரோணர் கேட்டார் என்று ஏகலைவன் கட்டைவிரலை வெட்டிக் கொடுத்தான். 'உத்தம சீடன்' ஆனான். வேடர் மகன் திண்ணன் தான் வேட்டையாடிய கறியைச் சிவனுக்குப் படைத்தபோது அது ஆசாரக் கேடு. கண்ணைப் பிடுங்கி வைத்த பிறகுதான் கண்ணப்ப நாயனார். வில்லி காட்டைக் கொடுத்தார். எதையாவது இழக்கும்வரை வேட்டுவருக்கு இங்கே மரியாதை இல்லை. கோயிலில் கண்ணப்பர் சிலையைக் கும்பிடுகிறவர்கள் அவர் படைத்த கறியைக் கோயில் வாசலுக்குக்கூட விடமாட்டார்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. இந்திய அரசு 1985 முதல் சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்குக் கொடுக்கும் விருதின் பெயர் துரோணாச்சாரியா. பழங்குடிக் குழந்தைகளுக்கு அதே அரசு நடத்தும் உறைவிடப் பள்ளிகளின் பெயர் ஏகலைவா. விரலைக் கேட்டவர் பெயரில் விருது, விரலை இழந்தவர் பெயரில் பள்ளி. இதில் எந்த முரணும் அவர்களுக்குத் தெரியவில்லை.

கடல் கடந்தாலும் கதை மாறவில்லை. அமெரிக்காவில் இன்று பாரம்பரிய வில்வேட்டை ஒரு பெரிய பொழுதுபோக்கு. அதன் வேரில் இருப்பவர் இஷி என்ற யாஹி பழங்குடி மனிதர். கலிபோர்னியாவில் தன் இனம் முழுவதும் அழிக்கப்பட்ட பிறகு 1911இல் தனி ஆளாக வெளியே வந்தார். வில் செய்யவும், அம்புக்கு இறகு கட்டவும், ஓசையில்லாமல் விலங்கை நெருங்கவும் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவருக்குக் கற்றுக்கொடுத்தார். 1916இல் காசநோயில் இறந்தார். அவருடைய மூளையை எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அது பழங்குடியினரிடம் திரும்பி வந்தது 2000இல். போப் எழுதிய நூல் வில்வேட்டைக்காரர்களின் வேதமானது. 1961இல் தொடங்கிய வில்வேட்டைச் சங்கத்துக்கும் மாணவர் போப்பின் பெயரைத்தான் வைத்தார்கள், ஆசான் இஷியின் பெயரை அல்ல.

ஆக, வில் மீது யாருக்கும் பகை இல்லை. அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. நம் சட்டத்தையே பாருங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டைக்கு உரிமம் வாங்க வழி இருந்தது. 1991 திருத்தத்தில்தான் அது நீக்கப்பட்டது. பங்களாச் சுவரில் புலித்தலை மாட்டியிருந்தவர்கள் அதை அரசிடம் அறிவித்து, உடைமைச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளவும் அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. ஜமீன்தாரும் வெள்ளைக்காரத் துரையும் சுட்டால் 'ஷிகார்'. வயிற்றுக்கு முயல் பிடித்தவன் 'திருட்டு வேட்டைக்காரன்'.

2006 வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் மரபுரிமைகளை வரிசையாக அங்கீகரித்துவிட்டு, வேட்டையை மட்டும் பெயர் சொல்லி விலக்குகிறது. ஆனால் 1972 சட்டத்தின் 65ஆம் பிரிவு, நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு முன்பே வழங்கப்பட்ட வேட்டை உரிமையை இந்தச் சட்டம் பாதிக்காது என்கிறது. வேட்டையும் உரிமையாக இருக்க முடியும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல.

"அப்படியானால் புலியைக் கொல்லச் சொல்கிறாயா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. அழியும் நிலையில் உள்ள எந்த விலங்கையும் யாரும் கொல்லக் கூடாது. வில்லைப் பிடித்தவரெல்லாம் புனிதர் என்றும் சொல்லவில்லை. 1802இல் தலக்கல் சந்து தலைமையில் வில்லேந்திப் பனமரத்தில் கம்பெனிப் படையை வீழ்த்திய வயநாட்டுக் குறிச்சியர், மற்றவர்களிடம் தீட்டுப் பார்த்தவர்களும்தான். நாம் பேசுவது அறிவைப் பற்றி. கையால் செய்த வில்லுக்கு எட்டும் தூரம் குறைவு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, தடம் எத்தனை நேரத்துக்கு முந்தையது, குட்டியோடு இருக்கிறதா என்பதெல்லாம் தெரியாமல் விலங்கை நெருங்கவே முடியாது. மருள் செடியின் நாரை உரித்து நாண் முறுக்கத் தெரிந்திருக்க வேண்டும். அவுட்டுக்காய்க்கும் மின்வேலிக்கும் இந்த அறிவு எதுவும் தேவையில்லை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே 3 யானைகளைக் கொன்றது பழங்குடியின் அம்பு அல்ல, வயலில் போட்ட சட்டவிரோத மின்வேலி.

வேட்டை அறிவைக் காப்பு அறிவாக மாற்ற முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. பாம்புத்தோல் வணிகம் தடை செய்யப்பட்டுப் பிழைப்பை இழந்த இருளர்கள், 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு எடுத்துக் கொடுக்கிறார்கள். 2023இல் இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது இதே அரசு.

இப்போது மம்சாபுரத்துக்கு வருவோம். ஊருக்கு மேற்கே தெரியும் மலை 1988இல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமானது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். அடிவாரத்தில் செண்பகத்தோப்பிலும் ராஜபாளையம் அய்யனார் கோயில் பக்கமும் பளியர்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய முதன்மைக் கருவி வில்கூட இல்லை. கிழங்கு தோண்டும் கோலும் தேனெடுக்கும் கொடியும்தான். ஆனால் வேட்டைக்காரன் என்ற சந்தேகத்துக்கு வில் தேவைப்படுவதில்லை. பழங்குடியாக இருப்பதே போதும்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. தேனும் கிழங்கும் எடுக்கும் உரிமையை வன உரிமைச் சட்டப்படி கிராமசபை வழியாக எழுத்தில் கொடுங்கள். உரிமைகளைச் சரிபார்த்து முடிக்கும்வரை ஒருவரையும் வெளியேற்றக் கூடாது என்று அதே சட்டத்தின் 4(5) பிரிவு சொல்வதை மதியுங்கள். தடம் பார்க்கத் தெரிந்த பழங்குடி ஆணையும் பெண்ணையும் தொகுப்பூதியத்தில் வைத்து வேலை வாங்காதீர்கள். வேட்டைத் தடுப்புக் காவலர் பணியை நிரந்தர அரசு வேலையாக்குங்கள். காப்பகத்தைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி போடுங்கள்.

விரலும் கண்ணும் காடும் கொடுத்தாகிவிட்டது. இனி வாங்க வேண்டியதுதான் பாக்கி.