மெஷின் வாங்கினால் கூட்டம் வருமா?

சின்ன ஊரில் சொந்தமாக பிசியோதெரபி கிளினிக் நடத்துபவருக்கு, பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி வந்துவிட்டால் ஊரே யோசனை சொல்லும். புது மெஷின் வாங்கு. ஃபீஸைக் குறை. பேஷண்ட் அனுப்பும் டாக்டருக்குக் கமிஷன் கொடு. மூன்றுமே கிளினிக்கை இழுத்து மூடும் வழிகள்!

காமர்ஸ் படிப்பவர்களுக்குப் பழகிய பிரேக்-ஈவன் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வாடகை 12,000, உதவியாளர் சம்பளம் 10,000, கரண்ட் பில் முதலியவை 3,000. மாத நிலையான செலவு 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிட்டிங்குக்கு 300 ரூபாய் என்றால், மாதம் 84 சிட்டிங்கில் செலவு தேறிவிடும். இப்போது மெஷினுக்கு 9,000 ரூபாய் இ.எம்.ஐ. சேருங்கள், ஃபீஸை 200 ஆக்குங்கள். 170 சிட்டிங் வேண்டும். அந்த 200-லும் 30 சதவீதம் கமிஷன் போனால்? 243! கூட்டம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வந்தாலும் தெரபிஸ்ட் கையில் ஒன்றும் பெரிதாக நிற்காது. ஒரு பேஷண்டுக்கு 45 நிமிடம் கொடுத்தவர், பத்து நிமிடத்தில் மெஷினை மாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். இதுவா போட்டி?

கமிஷன் விஷயம் கணக்கோடு முடிவதில்லை. டாக்டர்கள் இப்படி வாங்குவதை இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 நன்னடத்தை விதிகளே தடை செய்கின்றன.

சரி, அந்த மெஷினாவது பலன் தருமா? பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், அல்ட்ராசவுண்ட், டென்ஸ், ஐ.எஃப்.டி., ட்ராக்‌ஷன் எதையும் கொடுக்க வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சியைத்தான் பரிந்துரைக்கிறது. பயிற்சி சொல்லித்தரக் கடன் தேவையில்லை. நேரம்தான் தேவை.

"பேஷண்டே மெஷின் கேட்கிறாரே" என்பார்கள். கேட்கத்தான் செய்வார், இத்தனை நாள் அதைத்தானே காட்டியிருக்கிறோம்! அதற்குப் பதில், முதல் நாள் முழங்கால் 60 டிகிரி மடங்கியது, மூன்றாவது வாரம் 100 டிகிரி மடங்குகிறது என்று நோட்டில் எழுதிக் காட்டுங்கள். பேஷண்டே பத்து பேரிடம் சொல்வார். அதைவிட மலிவான விளம்பரம் உண்டா?

பெரிய ஆஸ்பத்திரியில் இன்று ஒரு தெரபிஸ்ட், நாளை வேறொருவர் என்று ஆள் மாறலாம். சின்ன கிளினிக்கில் முதல் நாள் பார்த்தவரே கடைசி வரை பார்ப்பார். பக்கவாதம் வந்து படுத்திருப்பவரின் வீட்டுக்கே போவார். இந்தச் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு விலையைக் குறைப்பானேன்?

இன்னொன்று, தயார்நிலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பேஷண்ட் வருவது நின்றது, வாடகை நிற்கவில்லை. மூன்று மாதச் செலவு, மேலே சொன்ன கணக்கில் 75,000 ரூபாய், தனிக் கணக்கில் இருக்க வேண்டும். இ.எம்.ஐ.க்குப் போகும் 9,000-ஐ அங்கே போட்டால் ஒன்பதே மாதத்தில் சேர்ந்துவிடும். பேஷண்டுகளின் போன் நம்பரும் பயிற்சிக் குறிப்பும் ஒழுங்காக இருந்தால், கதவு மூடியிருந்தாலும் போனிலேயே வழிகாட்டலாம். பிசியோதெரபிக்கும் பதிவேடு வேண்டும் என்று 2021-ல் மத்திய சட்டம் வந்துவிட்டது. சான்றிதழ்களை இப்போதே சரிபார்த்து வைப்பவருக்குக் கடைசி நேர அலைச்சல் இல்லை.

கடன் வாங்கி மெஷின் வைத்தவரை ஊர் "முன்னேறிட்டார்" என்கிறது. அடுத்த மாத இ.எம்.ஐ.யை ஊரா கட்டப்போகிறது?