அப்பா போட்ட ரூலை அழிக்க முடியாது பாஸ்!

சேலையூர் கேம்ப் ரோடு ஸ்டாப்புல பஸ்சுக்கு வெயிட்டிங்கா? அதுக்குள்ள ஒரு மேட்டர். உங்க பேர் மு. செந்தில்னு வெச்சுக்குவோம். சர்நேம்? கிடையாது. ‘மு’ங்கிறது அப்பா பேரோட இனிஷியல்.

இப்போ ‘ஆர்’ மொழியில புராஜெக்ட் பண்றீங்க. எஸ்4 முறையில ‘நபர்’னு ஒரு கிளாஸ். சர்நேம் காலியா இருந்தா எரர்னு அதுல ஒரு செக். நம்ம ஆளுங்களுக்காக ‘தமிழ்நபர்’னு சைல்டு கிளாஸ் எழுதி, செட்வேலிடிட்டியில ‘காலியா இருந்தாலும் ஓகே’ன்னு போடுறீங்க. ரன் பண்ணா... அதே எரர்!

ஏன்? சாதாரண மெத்தட்னா, சைல்டு எழுதினது பேரன்ட்டோடதை ஓரங்கட்டிடும். வேலிடிட்டி அப்படி இல்லை. வேலிட்ஆப்ஜெக்ட் ஃபங்ஷன் முதல்ல ஸ்லாட்களைப் பார்க்கும், அப்புறம் பேரன்ட்டோட செக், கடைசியாத்தான் சைல்டோடது. பேரன்ட் செக்லயே ஃபெயில்னா உங்க வரி வரைக்கும் வராது. காரணம் இருக்கு: ‘நபர்’னு நம்பி எழுதின ஃபங்ஷன் எல்லாம் ‘தமிழ்நபரை’யும் அதே நம்பிக்கையில வாங்கிக்கும். அதனால சைல்டு ரூலை இறுக்கலாம், தளர்த்த முடியாது.

குறுக்கு வழி ஒண்ணு உண்டு. சர்நேம்ல சும்மா ஒரு புள்ளி வெச்சு ஆப்ஜெக்டை உருவாக்கிட்டு, அப்புறம் அட் குறி போட்டு காலியாக்கிடலாம். ஆர் அப்போ ஸ்லாட்டோட டைப்பை மட்டும்தான் பார்க்கும். ஆனா அடுத்து யாராவது வேலிட்ஆப்ஜெக்டைக் கூப்பிட்டா, மாட்டினீங்க!

சரியான வழி, ரூலை இடம் மாத்துறது. ‘நபர்’ல எல்லாருக்கும் பொருந்துறது மட்டும் இருக்கட்டும்: பேர் காலியா இருக்கக் கூடாது. ‘சர்நேம் கட்டாயம்’ங்கிற ரூலைத் தனியா ஒரு சைல்டு கிளாஸுக்குத் தள்ளுங்க. ‘தமிழ்நபர்’ அதுக்குத் தம்பி. பேரன்ட் வேற ஒருத்தரோட பேக்கேஜ்ல இருக்கா? அதுலேர்ந்து இன்ஹெரிட் பண்ணாம, சொந்தமா ஒரு கிளாஸ் எழுதிடுங்க.

இது லேபோட முடியுற சமாசாரம் இல்லீங்க. பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேர் மட்டும் இருந்தா, அமெரிக்க விசாவுல அதைச் சர்நேம் கட்டத்துல போட்டுட்டு, முதல் பேருக்கு ‘எஃப்.என்.யு.’ன்னு அடிப்பாங்க. ‘முதல் பேர் தெரியவில்லை’ன்னு அர்த்தம்! 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகம், ஒத்தைப் பேர்க்காரங்களுக்கு விசிட் விசா கிடையாதுன்னே சொல்லுச்சு. பாஸ்போர்ட்டோட ரெண்டாம் பக்கத்துல அப்பா பேர் இருந்தா சரின்னு அப்புறம்தான் தளர்த்தினாங்க.

எங்கேயோ ஒருத்தர் மேல வெச்ச ரூல், கீழ இருக்கிற செந்திலோட பேரையே காணாமப் பண்ணிடுது. நாளைக்கு அந்த ஃபாரத்தை டிசைன் பண்ற சீட்ல நீங்க இருக்கலாம். மேல வைக்கிற ரூலைக் கம்மியா வைங்க பாஸ்!